மிக்சர் டின்னுக்குள்ளே என்ன இருக்கிறது?

“பசியாறியாச்சா?”

நம் நாட்டுத் தமிழர்கள் ஒருவரையொருவர் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி இது. தமிழ்நாட்டிலிருந்து வருகிற விருந்தாளிகள் இதைக் கேட்டுக் கொஞ்சம் விழிப்பார்கள். அங்கே “சாப்பிட்டாச்சா?”, இங்கே “பசியாறியாச்சா?” அன்பான கேள்விதான், சந்தேகமில்லை. ஆனால் காலை ஐந்தரை மணிக்குப் பெரட்டுக்கு ஓடுகிற ஒருவரை நிறுத்தி இதையே கேட்டுப் பாருங்கள். “கோப்பி குடிச்சாச்சு அண்ணே” என்ற பதில்தான் வரும். கோப்பி குடிப்பது பசியாறுவது ஆகாது. சீனி போட்ட கறுப்புக் கோப்பி ஒரு மணி நேரத்துக்கு வயிற்றை ஏமாற்றும், அவ்வளவுதான்.

பால்வெட்டுத் தொழிலாளி விடிந்த பிறகு நிதானமாகப் பசியாறிவிட்டுப் போகலாம் என்றால் மரம் விடாது. இரவெல்லாம் மரம் வேரால் நீரை இழுத்து வைத்திருக்கும். அதனால் விடியற்காலையில் பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்களில் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற இலை வழியாக நீர் போய்விடும், பால் ஓட்டமும் குறைந்துவிடும். ஆகவே பசி முக்கியமா, பால் முக்கியமா என்ற கேள்வியில் நூறு வருஷமாகப் பால்தான் ஜெயித்து வருகிறது. செம்பனைக் காட்டில் வேலை செய்கிறவர்களுக்கும் நிலைமை இதுதான். உச்சி வெயிலுக்கு முன்னால் குலைகளை இறக்கியாக வேண்டும். ஒரு குலை பத்து கிலோவும் இருக்கும், இருபத்தைந்து கிலோவும் இருக்கும். வெறும் வயிற்றோடு தூக்கினால் கண்ணை இருட்டிக்கொண்டு வரத்தானே செய்யும்?

இதற்கு என்ன வழி என்று யோசித்தபோதுதான் நமக்கு மிக்சர் நினைவு வந்தது. சிரிக்காதீர்கள். இந்த வாரம் நாம் எழுதப்போவது மிக்சரைப் பற்றித்தான்.

“மிக்சர் எல்லாம் தீபாவளிப் பலகாரம் ஆச்சே, வேலைக்காட்டுக்கு அது எதுக்கு?” என்று கேட்கும் தங்கச்சிமார் உண்டு. வேறொரு கெட்ட பேரும் அதற்கு உண்டு. தோட்டத்துப் பெரியவர்களிடம் கடலை, மிக்சர் என்று பேச்செடுத்தால் அவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது கள்ளுக்கடைதான். குடிக்கிறவனுக்குத் தொட்டுக்கொள்ளக் காரமாக ஏதாவது வேண்டும். வீட்டில் பிள்ளைக்கு வாங்கிப் போக வேண்டிய கடலைப் பொட்டலம் கள்ளுக்கடை பெஞ்சிலேயே காலியாகிவிடும். இதே கெடா மாநிலத்தில் 1946, 1947ஆம் ஆண்டுகளில் பீடோங் ஹார்வார்ட் தோட்டத்து ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை கிளம்பியதையும், தோட்டத்துக் கள்ளுக்கடைகளை எதிர்த்து அது மறியல் செய்ததையும் நம்மில் பலர் தாத்தா பாட்டி வாயால் கேட்டிருப்போம். அந்தக் கதையைத் தனியாக ஒரு நாள் எழுத வேண்டும். இங்கே சொல்ல வருவது இவ்வளவுதான்: தப்பு கடலையில் இல்லை, அது போய்ச் சேர்ந்த இடத்தில்தான். அதே ஒரு பிடிக் கடலை பெஞ்சுக்குப் போகாமல் மரத்தடிக்குப் போனால் அது சாப்பாடு.

கணக்கைப் பாருங்கள். நூறு கிராம் வேர்க்கடலையில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் இருக்கிறது. பொட்டுக்கடலையிலும் 20 கிராமுக்குக் குறையாது. கடலையில் கொழுப்பும் சேர்ந்திருப்பதால் அது மெதுவாகச் செரிக்கும், பசி உடனே திரும்பி வராது. ஒரு பிடி, அதாவது 30 கிராம், நன்றாக மென்று தின்று தண்ணீர் குடித்தால் இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். சோறு மாதிரி ஊசிப்போகாது. ரொட்டி மாதிரி நசுங்காது. கை கழுவத் தண்ணீர் கிடைக்காத இடத்திலும் ஒரு சின்ன கரண்டி இருந்தால் போதும், வாயில் போட்டுக்கொள்ளலாம்.

வெள்ளைக்காரர்களுக்கும் இது தெரியும். மலையேறப் போகிறவர்கள் கடலை, உலர்ந்த திராட்சை, வேறு கொட்டைகள் எல்லாவற்றையும் கலந்து பையில் போட்டுக்கொள்வார்கள். அதற்கு ‘டிரெயில் மிக்ஸ்’ என்று பேர் வைத்து, பளபளப்பான பையில் அடைத்து, பேரங்காடியில் நல்ல விலைக்கு விற்கிறார்கள். வாங்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் நம்ம கடலைதான்! அவலும் பொரியும் வெல்லமும் கட்டிக்கொண்டு நடந்தே பழனிக்கும் திருச்செந்தூருக்கும் போனவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். நமக்கு இது புதிதல்ல.

இதை ஒரு தொழிலாகவே செய்து பிழைத்துக் காட்டியவர்களும் நம் நாட்டில் இருக்கிறார்கள். ஈப்போ பக்கம் போனவர்களுக்குப் புந்தோங் தெரிந்திருக்கும். அங்கே ‘கம்போங் கச்சாங் பூத்தே’ என்றே ஒரு பகுதிக்குப் பேர். கச்சாங் பூத்தே என்றால் மலாயில் வெள்ளைக் கடலை. தமிழ்நாட்டில் பாரதியார் பிறந்த எட்டயபுரத்திலிருந்தும் அதன் சுற்று வட்டாரத்திலிருந்தும் 1940களில் வந்து குடியேறிய குடும்பங்கள் அவை. ஆரம்பத்தில் தலையில் தட்டு. தட்டில் வகை வகையாகக் கடலை, பட்டாணி, முறுக்கு. கால்நடையாகத் தெருத் தெருவாக விற்றார்கள். பிறகு சைக்கிள் வந்தது, அப்புறம் மோட்டார் சைக்கிள், அப்புறம் வேன். இன்று மூன்று இனத்தாரும் வண்டியை நிறுத்தி வாங்கிப் போகும் பண்டமாகிவிட்டது. மலாய்க்காரர்கள் நோன்புப் பெருநாளுக்கும் வாங்குகிறார்கள், சீனர்கள் புத்தாண்டுக்கும் வாங்குகிறார்கள்.

எட்டயபுரத்துக்காரர்களுக்கு இந்தக் கைப்பக்குவம் எங்கிருந்து வந்தது? கரிசல் மண் அது. மானாவாரியாகக் கடலையும் பயறும் விளையும் சீமை. பக்கத்து ஊர் கோவில்பட்டி. அங்கே கடலையையும் வெல்லத்தையும் மட்டும் வைத்துச் செய்யும் கடலை மிட்டாய்க்கு 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடே கிடைத்தது. கொஞ்சம் தள்ளிச் சாத்தூர். அந்த ஊர்க் காராசேவுக்கு அறிமுகம் தேவையில்லை. ஊரில் விளைந்ததை வறுத்தார்கள். கப்பலேறி வந்த பிறகும் அதையே வறுத்தார்கள். படிப்பு, பெரிய முதல், தெரிந்த ஆள் எதுவும் இல்லாமல் ஒரு இருப்புச்சட்டியையும் பக்குவத்தையும் நம்பிக் குடும்பங்கள் நிமிர்ந்தன. நாம் புந்தோங்கைப் பற்றிச் சொல்வது பெருமைக்காக மட்டுமல்ல. அந்தப் பக்குவம் ஏதோ மந்திரம் இல்லை, நம் லயத்துப் பாட்டிமார் கையிலும் இருந்ததுதான். ஒவ்வொரு தீபாவளிக்கும் ரப்பர் விறகைக் கூட்டி வைத்து, நாலு வீட்டுப் பெண்கள் ஒரு வீட்டில் சேர்ந்து, ஒருத்தர் மாவு பிசைய, ஒருத்தர் அச்சில் பிழிய, ஒருத்தர் அரித்தெடுக்க, பிஸ்கோத்து டின் டின்னாக நிரப்பிய காலம் ஒன்று இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ஜனங்கள் சுங்கை பட்டாணி, குருண், குவார் செம்படாக் என்று தாமான் வீடுகளுக்குப் போன பிறகு அடுப்பும் தனித்தனியாகிவிட்டது. மிக்சர் பாசார் மாலாமில் பொட்டலமாக வாங்கும் சரக்காகிவிட்டது.

வாங்குவதில் என்ன தப்பு என்றால், எல்லாவற்றிலும் தப்பில்லை. சுத்தமாகச் செய்கிறவர்கள் நிறையப் பேர். ஆனால் பொட்டலத்தைப் பார்த்து நமக்கு மூன்று விஷயம் தெரியாது. கடலை எப்படிப்பட்ட கடலை? எண்ணெய் எத்தனையாவது தரம் காய்ந்த எண்ணெய்? உப்பு எவ்வளவு? இந்த மூன்றையும் சொந்தக் கையில் வைத்துக்கொள்வதற்காகத்தான் வீட்டிலேயே செய்யுங்கள் என்கிறோம்.

முதலில் கடலை. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது உயிர் விஷயம்.

1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேலான வான்கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. என்ன நோய் என்றே தெரியவில்லை. தேடிப் போனதில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்குத் தீவனத்தில் போய் முடிந்தது. ஈரம் பட்ட கடலையில் பிடிக்கும் ஒருவகைப் பூஞ்சணம் விஷத்தைச் சுரக்கிறது என்று அப்போதுதான் கண்டுபிடித்தார்கள். அஃப்ளாடாக்சின் என்று அதற்குப் பேர். ஈரலைத் தாக்கும் விஷம் அது. கொஞ்சம் கொஞ்சமாக நாள்பட உள்ளே போனால் ஈரல் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையம் உறுதியாகச் சொல்லியிருக்கிறது. நம் நாட்டிலும் இதன் கொடுமையைப் பார்த்துவிட்டோம். 1988 அக்டோபரில் பேராக்கில் லோ ஷீ ஃபன் என்னும் அரிசி மாவு மீயைச் சாப்பிட்ட 13 பிள்ளைகள் இறந்துபோனார்கள். அந்த மீ கம்பாரில் செய்யப்பட்டது. அஃப்ளாடாக்சினும், கூடவே சேர்க்கப்பட்டிருந்த போரிக் அமிலமும் காரணம் என்றார்கள். அது கடலை இல்லை, மீ. ஆனால் பூஞ்சணத்து விஷம் அதே விஷம்தான்.

இதில் மோசமான சங்கதி, இந்த விஷம் வறுத்தால் போய்விடாது. பூஞ்சணம் சாகும், அது விட்டுப்போன விஷம் முழுசாக அழியாது. “நல்லா கருக வறுத்துட்டா சரியாப் போயிடும்” என்பது தப்பு. ஆகவே சுத்தம் அடுப்பில் ஆரம்பிப்பதில்லை, முறத்தில் ஆரம்பிக்கிறது. கடலையைக் கடையில் வாங்கும்போதே ஒரு பிடி எடுத்து மோந்து பாருங்கள். ஈர மண் வாடை, சாக்கு வாடை அடித்தால் வேண்டாம். மலிவு என்று மூட்டை அடியில் கிடப்பதை வாங்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் வெளிச்சத்தில் பரப்பி, சுருங்கியது, நிறம் மாறியது, பச்சையாகவோ கறுப்பாகவோ பொடி படிந்தது, பூச்சி துளைத்தது, உடைந்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். கோழிக்கும் போடாதீர்கள். வான்கோழிக் கதையைத்தான் சொன்னோமே. தின்னும்போது ஒரு கடலை கசந்தால் முழுங்காமல் துப்பிவிட வேண்டும். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

ஜெராய் மலைக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் யான் மாதிரி வட்டாரத்தில் காற்றில் எப்போதும் ஈரம். மழை மாதங்களில் உப்பு ஜாடியில் உப்பே கரைந்து நிற்கும். கடலை மட்டும் எப்படிக் காய்ந்திருக்கும்? அதனால் ஒரு மாதத்துக்கு வாங்கி வைக்கிற பழக்கம் கடலைக்கு ஒத்துவராது. இரண்டு வாரத்துக்கு மட்டும் வாங்குங்கள்.

இனி அடுப்புக்கு வருவோம். வேலைக்காட்டுக்கு எடுத்துப் போக எண்ணெயில் பொரித்த மிக்சர் வேண்டாம். வறுத்த மிக்சர் போதும். அரைக் கிலோ தோல் கடலை, கால் கிலோ பொட்டுக்கடலை, கால் கிலோ மெல்லிய அவல். மொத்தம் ஒரு கிலோ. அவலை முதல் நாளே ஒரு மணி நேரம் வெயிலில் காயவைத்தால் பாதி வேலை முடிந்தது. வேர்க்கடலையை வெறும் குவாலியில் சின்னத் தீயில் போட்டுக் கை ஓயாமல் கிளறுங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் கதை பேசிக்கொண்டு விட்டுவிட்டால் வெளியே கருகும், உள்ளே பச்சையாக இருக்கும். கடலை வெடிக்கும் சத்தம் வந்து, அது அடங்கி, தோலைத் தேய்த்தால் கழன்று வரவேண்டும். அதுதான் பதம். ஒரு கைப்பிடி கல் உப்பையோ சுத்தமான மணலையோ குவாலியில் சூடேற்றி அதில் கடலையைப் போட்டு வறுத்தால் நாலு பக்கமும் ஒரே சீராகச் சூடேறும். தெருக் கடலைக்காரர்களின் வித்தை அதுதான். பிறகு சல்லடையில் சலித்துவிடலாம். அடுத்து அவலைத் தனியாக வறுங்கள். விரலில் எடுத்து நசுக்கினால் பொடியாக வேண்டும், வளையக் கூடாது. பொட்டுக்கடலை ஏற்கனவே வறுபட்டது, இரண்டு நிமிஷம் சூடு காட்டினால் போதும்.

கடைசியில் தாளிப்பு. நாலு மேசைக்கரண்டி எண்ணெய், கடுகு, தட்டிய பூண்டு பத்துப் பல், காய்ந்த மிளகாய், இரண்டு கொத்துக் கறிவேப்பிலை. பூண்டும் கறிவேப்பிலையும்தான் பல மிக்சரைக் கெடுக்கும் திருடர்கள். இரண்டிலும் தண்ணீர் இருக்கிறது. கறிவேப்பிலை சடசடவென்று சத்தம் போடுகிறதே, அது தண்ணீர் வெளியேறும் சத்தம். சத்தம் முழுக்க நின்று, இலை கண்ணாடி மாதிரி நொறுங்கும் வரைக்கும் விடுங்கள். பூண்டும் அப்படியே சிவந்து மொறுமொறுப்பாக வேண்டும். அடுப்பை அணைத்த பிறகுதான் மஞ்சள் தூள், மிளகாய்த் தூள், பெருங்காயம். தூளைக் கொதிக்கிற எண்ணெயில் போட்டால் கருகிக் கசக்கும். உப்பு தலை தட்டிய இரண்டு தேக்கரண்டி. ஒரு கிலோவுக்கு அது போதும். ‘சப்புனு இருக்கே’ என்று முதல் வாரம் முணுமுணுப்பார்கள். இரண்டாவது வாரம் நாக்கு பழகிவிடும்.

மீன் சாப்பிடுகிற வீடுகளுக்கு ஒரு யோசனை. நம் கரையில் தஞ்சோங் டாவாய் நெத்திலிக்குப் பேர் போன இடம். காய்ந்த நெத்திலியைத் தலை கிள்ளி, இரண்டு தண்ணீரில் அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, மொறுமொறுவென்று வறுத்துக் கடலையோடு சேர்த்துப் பாருங்கள். மலாய்க்காரர்கள் நாசி லெமாக்குக்கு வைக்கிற ஜோடிதான் அது. சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். ஆனால் அதில் உப்பு முதலிலேயே இருக்கிறது, மறுபடி உப்புப் போடாதீர்கள். நெத்திலி சேர்த்த மிக்சர் சீக்கிரம் வாடை அடிக்கும். அதைத் தனி டின்னில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

அடுத்தது டின். சூடாக இருக்கும்போதே மூடினால் உள்ளே வியர்த்து அத்தனை பாடும் வீண். அகலமான தட்டில் கொட்டி, கை வைத்தால் சில்லென்று இருக்கும் வரைக்கும் ஆறவிடுங்கள். மூடி இறுக்கமான டின்னாக இருக்கட்டும். ஈரக் கையை உள்ளே விடக்கூடாது. ஒரு காய்ந்த கரண்டியை டின்னுக்குள்ளேயே போட்டு வையுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 கிராம் என்று வைத்துக்கொண்டால், வேலைக்குப் போகும் இருவருக்கு ஒரு கிலோ பன்னிரண்டு நாள் வரும். இரண்டு வாரத்து வேலை நாள் சரியாகப் போய்விடும். காட்டுக்குக் கொண்டுபோவதைச் சின்ன டப்பாவில் போடுங்கள். அச்சடித்த பத்திரிகைத் தாளில் மடிக்காதீர்கள். பத்திரிகையில் எழுதுகிற நாமே இதைச் சொல்கிறோம்! அச்சு மை எண்ணெயோடு சேர்ந்து தின்பண்டத்தில் ஏறும். இந்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016ஆம் ஆண்டிலேயே இதை எச்சரித்திருக்கிறது.

தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் பொரித்த மிக்சர் இல்லாமல் முடியாது, அதை நாம் தடுக்கவில்லை. ஓமப்பொடிக்குக் கடலை மாவு நாலு பங்கு, அரிசி மாவு ஒரு பங்கு. ஓமத்தை அப்படியே போட்டால் அச்சின் கண்ணை அடைக்கும். ஊறவைத்து அரைத்து வடிகட்டிய தண்ணீரில் பிசையுங்கள். பூந்தி விழும்போது வால் நீண்டால் மாவு கெட்டி, தட்டையாக விழுந்தால் மாவு தண்ணீர். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நாம் சொல்ல வேண்டியது எண்ணெயைப் பற்றி. ஒரு துளி மாவைப் போட்டதும் உடனே மேலே வந்தால் எண்ணெய் சரியான சூடு. சூடு பற்றாத எண்ணெயில் போட்டால் பண்டம் எண்ணெயைக் குடிக்கும். எண்ணெயில் வரும் குமிழி எல்லாம் மாவிலிருந்து கிளம்பும் நீராவி. குமிழி அடங்கினால் எடுத்துவிடலாம். பொரித்த எண்ணெய் கறுத்து, கனத்து, நுரை கட்டி, கொஞ்சம் சூட்டிலேயே புகைய ஆரம்பித்தால் அதற்கு ஆயுசு முடிந்தது. மறுபடி புது எண்ணெயை மேலே ஊற்றி அதைப் பிழைக்க வைக்கிற வேலை வேண்டாம். குவாலியில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்துத் தட்டால் மூடுங்கள்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். 2019ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், 18 வயதுக்கு மேற்பட்ட மலேசிய இந்தியர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு இனிப்பு நீர் வியாதி இருப்பது தெரிந்தது. நாடு முழுக்கப் பார்த்தால் நூற்றுக்கு 18 பேர். நம் ஜனங்கள்தான் முன்னால் நிற்கிறோம், வேறு எதிலெல்லாமோ பின்னால் இருந்தாலும்! அதனால் பெரியவர்கள் இருக்கும் வீட்டில் சீனி தூவிய கலவை, பாகில் புரட்டிய கடலை வேண்டாம். அவலைக் குறைத்துக் கடலையையும் வறுத்த கொண்டைக்கடலையையும் கூட்டுங்கள். மிக்சர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒரு பிடி ஒரு பிடிதான். தொலைக்காட்சிக்கு முன்னால் டின்னோடு உட்கார்ந்தால் அது மருந்தாகாது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பை இன்னும் பாதியாக்கலாம். ஒரு நாளைக்கு எல்லாச் சாப்பாட்டிலும் சேர்த்து 5 கிராமுக்குக் கீழே உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நாம் சொன்ன அளவில் 40 கிராம் மிக்சருக்கு அரைக் கிராம் வாக்கில்தான் வரும்.

நாலு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு முழுக் கடலை கொடுக்கவே கூடாது. ஓடிக்கொண்டே வாயில் போட்டு, மூச்சுக் குழாயில் சிக்கினால் ஆஸ்பத்திரி வரைக்கும் நேரமிருக்காது. பொடித்துக் கஞ்சியில் கலந்து கொடுங்கள். ஆயாக்களிடமும் சொல்லி வையுங்கள். சில பிள்ளைகளுக்குக் கடலை ஒத்துக்கொள்ளாது. தடிப்பு, உதடு வீக்கம் தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ஜெராய் மலை ஏறப் போகும் வாலிபர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். 1,217 மீட்டர். யான் பக்கத்திலிருந்து காட்டு வழியாக ஏறுவது விளையாட்டில்லை. தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலைக்கு நடக்கிறவர்களும் இருக்கிறார்கள். இந்த நடைக்கு மட்டும் கொஞ்சம் இனிப்புச் சேரலாம்: வறுத்த கடலை, உலர்ந்த திராட்சை, தேங்காய்ச் சில்லு வறுத்தது, வெல்லத் துணுக்கு. தண்ணீர் இரண்டு போத்தல்.

மலை என்றதும் இன்னொன்று. 2021 ஆகஸ்டு 18ஆம் நாள் ஜெராய் மலையில் பெய்த பெருமழை, சேறும் மரக்கட்டையுமாகத் திரண்டு இறங்கி யான், மெர்போக் வட்டாரத்தைப் புரட்டிப் போட்டது. உயிர்களும் போயின. வீட்டுக்குள் சேறு புகுந்தால் முதலில் போவது அடுப்படி. கேஸ் இல்லை, கரண்ட் இல்லை, அரிசி நனைந்துவிடும். அப்படிப்பட்ட ஒரு நாளில் தீ மூட்டாமல் தின்னக்கூடியது எது என்று எண்ணிப் பாருங்கள். மழைக்காலத்தில் ஒரு சின்ன டின் வறுத்த கடலையை உயரத்தில், பாஸ்போர்ட்டு, பிறப்புப் பத்திரம் வைக்கிற பைக்குப் பக்கத்தில் வைப்பது பைத்தியக்காரத்தனம் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றி வைக்க மறக்கக் கூடாது.

கை பழகிவிட்டால் விற்கலாமா என்று கேட்பீர்கள். தாராளமாக. ஆனால் புந்தோங்காரர்கள் தலையில் தட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய காலம் வேறு. இன்று உணவு தயாரித்து விற்கிறவர்கள் அங்கீகாரம் பெற்ற உணவு கையாளுநர் பயிற்சிக்குப் போயிருக்க வேண்டும், டைபாய்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டு உணவு சுகாதார விதிமுறை சொல்கிறது. பொட்டலத்தின் மேல் என்னென்ன சேர்ந்திருக்கிறது, யார் செய்தது என்று அச்சிட வேண்டும். கடலை இருப்பதைக் கட்டாயம் எழுதுங்கள். மானிய விலைப் பை எண்ணெய் வீட்டுச் சமையலுக்குத்தான், வியாபாரத்துக்கு அல்ல. கைமுதல் இல்லாத பெண்களுக்கு அமானா இக்தியார் மலேசியா 2024ஆம் ஆண்டில் ‘பெண்’ என்ற பேரில் இந்தியப் பெண்களுக்கான கடன் திட்டத்தைத் தொடங்கியது. தெக்குன் நேஷனலின் ‘ஸ்பூமி’ திட்டமும் இந்தியச் சிறு வியாபாரிகளுக்கானதுதான். அந்த அலுவலகங்களில் நேரில் போய் விசாரியுங்கள். கைப்பேசியில் வருகிற “உடனடிக் கடன்” விளம்பரத்தை நம்பி ஆலோங் வலையில் விழாதீர்கள்.

விலை போடும்போது நம் பெண்கள் செய்கிற ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். கடலைக் காசு, மாவுக் காசு, எண்ணெய்க் காசு, கேஸ், பை எல்லாவற்றையும் கூட்டுவார்கள். தான் அடுப்படியில் நின்ற ஆறு மணி நேரத்தை மட்டும் கூட்டமாட்டார்கள். “அது நம்ம வேலைதானே” என்பார்கள். வெளியே ஆறு மணி நேரம் கூலி வேலைக்குப் போனால் என்ன கிடைக்கும்? அந்தக் காசையும் கணக்கில் சேர்த்து, அதன் மேல் லாபத்தை வையுங்கள். அந்த விலைக்குப் போகாவிட்டால் சரக்கு சரியில்லை அல்லது சந்தை சரியில்லை, இடத்தை மாற்றிப் பார்க்கலாம். முதல் வாரம் ஐந்து கிலோவுக்கு மேல் வறுக்காதீர்கள். மீந்தால் வீட்டு டின்னுக்கே ஆகும், திங்கட்கிழமை காலையில் வெட்டுக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்பலாம்.